பொட்டுக்குத் தூங்கிய பிள்ளைகள்

2024ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் ஆறாந் திகதி, செவ்வாய்க்கிழமை, நண்பகல் பன்னிரண்டு நாற்பதுக்கு இது தொடங்கியது. பலாபத்வலையில், யாழ்ப்பாண வீதியை ஒட்டியிருந்த ஒரு பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில் அது தூக்க நேரம். தம்புள்ளையிலிருந்து மரக்கறி ஏற்றிக்கொண்டு கண்டிக்குப் போகும் ஒரு லொறி, வாசலைத் தாண்டும்போது இரண்டு முறை குறுக்கியும் ஒரு முறை நீட்டியும் ஹோர்ன் அடித்தது. லொறியை ஓட்டியவர் என் அக்காவின் கணவர். அந்த ஒலி, உள்ளே பாயில் கிடந்த தம் மூன்று வயது மகளுக்கு அவர் சொல்லிவிட்டுப் போகும் சேதி.

அதற்கு முன்பெல்லாம் அது கேட்டதும் அவள் போர்வையை உதைத்துத் தள்ளிவிட்டு வாசல் கேட்டுக்கு ஓடுவாள். கம்பிகளுக்கிடையில் முகத்தைத் திணித்து, லொறியின் பின்பக்கப் படுதா வளைவில் மறையும்வரை தானும் ஹோர்ன் அடித்துக்கொண்டிருப்பாள். அன்று ஓடவில்லை. பக்கத்துப் பாயருகே துண்டுகளை மடித்துக்கொண்டிருந்த நான் அவள் முகத்தைப் பார்த்தேன். இமைகள் இறுக மூடியிருந்தன. அவற்றின் கீழே கருவிழிகள் லொறி போன திசையில் நகர்ந்து, ஒலி அடங்கியதும் நின்றன. சற்றுப் பொறுத்துப் பெரிய மிஸ் வந்து, அவள் புறங்கையில் ஒரு தங்கநிற ஒட்டுப்பொட்டை அழுத்தி ஒட்டினார்.

நிலையத்தை நடத்தியவரைப் பெற்றோரும் நாங்களும் பெரிய மிஸ் என்றுதான் அழைத்தோம். உதவியாளர்கள் இருவர் சின்ன மிஸ்கள். அவர்களில் ஒருத்தி நான். கெம்பஸில் மூன்றாம் ஆண்டுப் பரீட்சை முடிந்து அடுத்த ஆண்டு தொடங்கும்வரை அக்காவுடன் தங்கியிருந்தேன். சும்மா இருக்காதே என்று அக்காதான் என்னைச் சேர்த்துவிட்டாள். தன் மகளும் அங்கே இருப்பதால் அவளுக்கு அதில் இரட்டை நிம்மதி.

அந்த நிலையத்தைப் பற்றி நியாயமாக எழுத வேண்டும். அதைவிடச் சுத்தமான இடத்தை நான் கண்டதில்லை. தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றித்தான் கொடுப்பார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்துண்டு, தனிக்கோப்பை, தனி நுளம்பு வலை. சவர்க்காரம் போட்டுக் கழுவாத கை சோற்றுத் தட்டைத் தொட்டதில்லை. யாருக்காவது மூக்கு ஒழுகினால் மற்றவர்களிடமிருந்து விலக்கி, தாயின் வேலைத்தலத்துக்குத் தொலைபேசியில் அழைத்துச் சொல்லிவிடுவார் பெரிய மிஸ். படிகளில் ரப்பர், மின்சாரத் துளைகளில் மூடி, கிணற்றுக்கு இரும்புவலை. விபத்து என்ற ஒன்றே அங்கு நடந்ததில்லை. பெரிய மிஸ் கொழும்புவரை போய்ப் பயிற்சிகள் எடுத்தவர். தம் நிலையம் மாவட்டத்தில் முதல் தரம் பெற வேண்டும் என்பது அவருக்கு வேலை அல்ல, விரதம்.

அந்த விரதத்தின் நடுவில் இருந்தது அமைதி. நல்ல நிலையம் எது என்பதை வாசலிலேயே காதால் அறிந்துவிடலாம் என்பார் அவர். பிள்ளைகள் அழுகிற இடத்தில் ஏதோ தவறு இருக்கிறது. ஆகவே அழாத இடத்தில் தவறு இல்லை. அவருடைய தர்க்கத்தின் முதற்பாதி உண்மை என்பதால் இரண்டாம் பாதியை எவரும் கேள்வி கேட்கவில்லை.

அழுகையை அடக்க அவர் அடித்ததில்லை, அதட்டியதுமில்லை. பொட்டு ஒட்டினார். எங்களிடம் இருந்த பிள்ளைகளில் இந்து, கத்தோலிக்கம், முஸ்லிம், பௌத்தம் எல்லாம் இருந்தன. நெற்றியில் ஒட்டினால் யாராவது ஒரு தாய் முகஞ்சுளிப்பாள். ஆகவே புறங்கை. விழுந்தும் அழாதிருந்தால் ஒரு பொட்டு. தாய் விட்டுப்போகும்போது அழாதிருந்தால் ஒரு பொட்டு. கைமணி அடித்ததும் படுத்துக் கண்ணை மூடி, மறுமணிவரை திறக்காதிருந்தால் தங்கநிறப் பொட்டு. மாலையில் பிள்ளைகள் தாய்மாரிடம் முதலில் நீட்டுவது முகத்தையல்ல, புறங்கையை.

என்னோடு வேலை செய்த மற்றச் சின்ன மிஸ் மாத்தளை நகரத்துப் பெண். வாய்த்துடுக்கு உள்ளவள். பெரிய மிஸ் வெளியே போனால் தன் புறங்கையில் தானே ஒரு பொட்டை ஒட்டிக்கொண்டு, "நான் இன்னைக்கு யார்கூடவும் சண்டை போடல. எனக்கு யாருங்க பொட்டு வைப்பா?" என்பாள். நான் சிரிப்பேன். அந்தச் சிரிப்பு லொறி போன அந்த மதியத்தோடு எனக்கு நின்றுபோனது.

வியாழக்கிழமை மாலை, நாங்கள் தங்கியிருந்த வாடகை அறையின் பின்படியில் அக்காவின் மகள் தடுக்கி விழுந்தாள். முழங்கால் தோல் உரிந்து இரத்தம் கசிந்தது. நான் ஓடிப்போய்த் தூக்குவதற்குள் அவள் எழுந்து நின்றுவிட்டாள். உதடுகளை உள்ளே இழுத்துக் கடித்தபடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, என்முன் புறங்கையை நீட்டினாள். பொட்டு வைக்க வேண்டுமாம். அக்கா சிரித்துவிட்டாள். மகளை அள்ளி முத்தமிட்டு, தன் நெற்றிப் பொட்டையே கழற்றி அந்தக் கையில் ஒட்டி, பக்கத்து அறைக்காரப் பெண்களிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். கார்மென்ட் தொழிற்சாலையில் எட்டு மணித்தியாலம் நின்றுவிட்டு வருகிறவளுக்கு, அழாத பிள்ளை எவ்வளவு பெரிய பரிசு என்பது எனக்கும் தெரியும். நான் புண்ணைக் கழுவினேன். மருந்து பட்டபோது அவள் கால் நடுங்கியது. சத்தம் வரவில்லை.

அன்றிரவு அக்காவின் கணவரான மச்சான் தம்புள்ளையிலிருந்து அழைத்தார். மகளுக்கு என்ன கோபம் என்று கேட்டார். "மகாராணி இப்பல்லாம் கேட்டுக்கு வாறதே இல்லியே. லொறிக்காரன்னு தெரிஞ்சு போச்சா?" விளையாட்டாகத்தான் கேட்டார். அதன் அடியில் இருந்தது விளையாட்டல்ல.

மறுநாள் பெரிய மிஸ்ஸிடம் பேசினேன். இந்தப் பிள்ளை தூங்கவில்லை, தூங்குவதுபோல் கிடக்கிறாள் என்றேன். வலித்தாலும் சொல்ல மறுக்கிறாள் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். தூக்கம் வராத பிள்ளையும் ஓய்வெடுக்கப் பழக வேண்டும், பாடசாலை போனால் அழுதுகொண்டா நிற்பது என்றார். பிறகு கனிவாகவே சொன்னார்:

"நீங்க இலக்கியம் படிக்கிற பிள்ள. உங்களுக்கு எல்லாத்துலயும் ஒரு சோகம் தெரியும். பிள்ளைங்களுக்கு அது தெரியாது. நீங்க காட்டாத வரைக்கும்."

துல்லியமான சொல் அகப்படாத இடத்தில் பேசாதிருப்பது என் வழக்கம். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது மற்றவர்களின் வழக்கம்.

தரம் பார்க்க வருகிறவர்கள் அடுத்த வாரம் வருவதாகச் செய்தி வந்தது. முற்பகலில் வந்து மதியத்துக்குள் திரும்பிவிடுவார்களாம். அப்படியானால் தூக்க நேரத்தைக் காணமாட்டார்கள். பெரிய மிஸ்ஸுக்கு அது தாங்கவில்லை. வலைக்குள் வரிசையாக, சலனமின்றி உறங்கும் பிள்ளைகள்தாம் அவருடைய நிலையத்தின் கர்ப்பக்கிரகம். ஆகவே தூக்கம் முற்பகலுக்கு மாற்றப்பட்டது. ஒத்திகை நடந்தது. எழுந்து சில மணித்தியாலங்களே ஆன பிள்ளைகள், வெயில் ஜன்னலில் பளபளக்க, வீதியில் சிவனொளிபாத யாத்திரை பஸ்கள் பாட்டுப்போட்டுப் போக, மணியோசைக்குப் படுத்துக் கண்ணை மூடினார்கள். முதல் ஒத்திகையில் சிலர் சிரித்தார்கள். கடைசி ஒத்திகையில் எவரும் சிரிக்கவில்லை. அக்காவின் மகள் எல்லா ஒத்திகையிலும் பொட்டு வாங்கினாள்.

வருகை நாளன்று விடியற்காலையில், நகரத்துச் சின்ன மிஸ் பக்கத்து வளவு மாமரத்திலிருந்து இலை பறித்து வந்தாள். பிளாஸ்டிக் தோரணம் அழகில்லை, நம் முறைப்படி மாவிலைதான் வேண்டும் என்று பெரிய மிஸ் சொல்லியிருந்தார். வாசலில் கட்டியது போக மீந்ததைத் தூங்கும் அறையின் ஜன்னல்களுக்கு மேலும் கட்டினோம். குருத்து இலைகளைச் செவ்வெறும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கூடாக்கியிருந்ததை அந்த அவசரத்தில் யாரும் விரித்துப் பார்க்கவில்லை. கிணற்றுக்கு வலை போட்டவர்கள், மின்துளைக்கு மூடி போட்டவர்கள், வரவேற்பைச் சோதிக்கவில்லை.

வந்தவர்கள் இருவர். கோப்பு வைத்திருந்த ஓர் ஐயா. அவருக்கு மேலதிகாரியான, மெல்லிய குரலுடைய ஓர் அம்மா. சமையலறை, கழிப்பறை, குடிநீர் எல்லாவற்றையும் பார்த்தார்கள். அந்த அம்மா ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுப் பார்த்து, தூசியில்லாத விரலை ஐயாவிடம் காட்டினார். பெரிய மிஸ்ஸின் முகம் விளக்கேற்றிய அறைபோல் இருந்தது. பிறகு மணி அடித்தது.

பிள்ளைகள் படுத்தார்கள். நன்றாகப் பார்க்கட்டும் என்று வலைகளைச் சுருட்டி மேலே கட்டியிருந்தோம். அக்கா மகளின் பாய் ஜன்னலின்கீழ். அவள் மல்லாந்து, கைகளைப் பக்கவாட்டில் வைத்து, சொன்னபடி கிடந்தாள். வந்தவர்கள் பாய்களுக்கு இடையில் கால்விரல்களில் நடந்தார்கள்.

அவள் கழுத்தில் ஒரு சிவப்புப் புள்ளி நகர்ந்ததை முதலில் கண்டேன். பிறகு காதருகே இன்னொன்று. தோரணத்திலிருந்து நூல்போல எறும்புகள் இறங்கிக்கொண்டிருந்தன. கவுனின் கைக்குள் சில நுழைந்துவிட்டிருந்தன. அவள் அசையவில்லை. உதடுகள் உள்ளே இழுபட்டு, வாய் ஒரு கோடாகியிருந்தது. மூடிய இமைகளின் ஓரத்திலிருந்து கண்ணீர் வடிந்து காதுக்குள் இறங்கியது. பொட்டு ஒட்டிய கை மட்டும் முட்டியாக இறுகியிருந்தது.

அந்த அம்மா அவளருகே குனிந்தார். கண்ணாடியை மறந்து வந்தவரோ, அல்லது அமைதியை மட்டும் காண வந்தவரோ, நானறியேன்.

"எவ்வளவு அழகா தூங்குறா பாருங்க," என்றார்.

நான் பாயைத் தாண்டிப் போய்க் குழந்தையைத் தூக்கினேன். கவுனைக் கழற்றி உதறினேன். முதுகிலும் அக்குளிலும் தடித்துச் சிவந்திருந்தது. எறும்புகளைக் கையால் தட்டித் தட்டி எடுத்தேன். அவள் என் தோளில் மரக்கட்டையாகக் கிடந்தாள். கண்ணைத் திறக்கச் சொன்னேன். திறக்கவில்லை. மணி இன்னும் அடிக்கவில்லையே. என் கால்பட்டு ஒரு வாளி உருண்டு அறை அதிர்ந்தபோதும், அந்த அறையில் ஒரு பிள்ளைகூட எழுந்து பார்க்கவில்லை. அதைத்தான் என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. எறும்பு எல்லா இடத்திலும் கடிக்கும்; பிள்ளைகள் எல்லா இடத்திலும் இப்படிக் கிடக்கமாட்டார்கள்.

பெரிய மிஸ் பதறவில்லை. குழந்தையை என்னிடமிருந்து பக்குவமாக வாங்கி, நகரத்துச் சின்ன மிஸ்ஸிடம் மருந்து போடக் கொடுத்தார். தோரணத்தைத் தாமே அறுத்து வெளியே எறிந்தார். பிறகு வந்தவர்களிடம் திரும்பி, தாழ்ந்த குரலில் விளக்கினார்.

"இவங்க அந்தப் பிள்ளையோட சித்தி. சொந்தக்காரங்க வேலைக்கு இருந்தா இதுதான் நடக்கும். பாசத்துல நிதானம் போயிரும். பயிற்சியிலயும் சொன்னாங்க, நான்தான் இரக்கப்பட்டு எடுத்தேன்."

அந்த அம்மா புரிந்துகொண்டு தலையசைத்தார். ஐயா கோப்பில் ஏதோ எழுதினார். மற்றப் பிள்ளைகளின் அமைதியைக் கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டு, இத்தனை சத்தத்திலும் எழவில்லையே, எவ்வளவு நல்ல பழக்கம் என்று வியந்தபடி தேநீருக்குப் போனார்கள். சில வாரங்களில் நிலையத்துக்கு முதல் தரம் கிடைத்தது. உறவினரைப் பணியில் சேர்க்காத நடைமுறை பாராட்டப்பட்டிருந்ததாகப் பின்னர் நகரத்துச் சின்ன மிஸ் தொலைபேசியில் சொன்னாள். என்னை அன்றே நிறுத்திவிட்டதால் அந்த நடைமுறை அன்றே உண்மையாகியிருந்தது.

என்னை நிறுத்தும்போதும் பெரிய மிஸ் குரலை உயர்த்தவில்லை. நான் இனி வரவேண்டாம். ஆனால் பிள்ளைக்கு இடம் உண்டு, ஒரு நிபந்தனையோடு. எறும்புக் கதையை மற்றத் தாய்மார் கேட்டால் பயப்படுவார்கள். ஆகவே மறுநாள் காலை, அவர்கள் பிள்ளைகளை விடவரும் வேளையில், நானே அக்காவின் மகளைக் கொண்டுவந்து விட வேண்டும். நான் பதற்றத்தில் நடந்துகொண்டேன் என்று அவர்கள் முன்னிலையில் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

மாலையில் அக்கா வந்தாள். செய்தி அவளுக்கு முன்பே எட்டியிருந்தது. மகளின் கவுனைத் தூக்கிப் பார்த்தாள். தடிப்புகளை ஒவ்வொன்றாகத் தடவினாள். கண் கலங்கியது. இனி இந்தப் பிள்ளையை அங்கே விடமாட்டாள் என்று ஒரு கணம் நம்பினேன். அவள் கவுனை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நீ தூக்கினது சரி. அத யாரு இல்லன்னா? ஆனா அவங்க முன்னால ஏன் தூக்கின? அஞ்சு நிமிசத்துல போயிருப்பாங்களே."

எறும்புக்கு அந்த ஐந்து நிமிடம் தெரியாது என்றேன். அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"கடிச்சது எறும்பு. ரெண்டு நாள்ல ஆறிரும். எனக்கு வேல போனா கடிக்கிறது வேற."

அந்த வேலையை அவள் எப்படிக் காப்பாற்றி வந்தாள் என்பது எனக்குத் தெரியும். எங்கள் அம்மா இன்னமும் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். பிள்ளை பார்க்க அவளால் முடியாது. தோட்டத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பரா மலைக்கு மேலே, கார்மென்ட் பஸ் வரும் நேரத்துக்குத் திறப்பதில்லை. இதற்குமுன் குழந்தையைப் பக்கத்துத் தெருவில் ஒரு பெண்ணிடம் விட்டிருந்தாள். அந்தப் பெண், பிள்ளைகள் தொல்லை கொடுக்காதிருக்க இருமல் மருந்துப் பாணி கொடுத்துத் தூங்கவைப்பாள். அக்கா ஒருநாள் இடைவேளையில் போய்ப் பார்த்தபோது, மகளை எழுப்பவே முடியவில்லை. அந்த நாளைப் பற்றி அக்கா இரண்டு முறை பேசியதில்லை. அன்று பேசினாள்.

"அங்க பாணி குடுத்துத் தூங்க வச்சாங்க. இங்க பொட்டுக் குடுத்துத் தூங்க வைக்கிறாங்க. நீ படிச்சவதானே, நீயே சொல்லு. எது நல்லது?"

நான் குழந்தையின் கவுனைச் சரிசெய்தேன்.

"இல்ல, நீ பாப்பியா? திங்கக்கிழம கெம்பஸ் தொறக்குது. போகாம இருந்து பாப்பியா?"

அதற்கு நான் பேசவில்லை. ஆனால் இம்முறை, சொல் அகப்படாததால் அல்ல. பதில் என்னிடம் தெளிவாகவே இருந்தது. அக்காவும் அதை அறிந்திருந்தாள். அதற்குமேல் வற்புறுத்தாமல் அடுப்பைப் பற்றவைத்தாள். குழந்தை தரையில் தட்டொன்றைச் சுக்கானாகப் பிடித்து லொறி ஓட்டிக்கொண்டிருந்தாள். ஹோர்ன் அடிக்கும் இடம் வந்தபோது வாயைத் திறந்தாள். எங்கள் இருவரின் முகத்தையும் பார்த்தாள். சத்தமில்லாமல் வளைவைத் திருப்பிக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை, அக்கா பஸ் ஏறிய பின், குழந்தையைக் குளிப்பாட்டினேன். தடிப்புகளுக்குக் களிம்பு பூசி, அவற்றை மறைக்கும் கைநீண்ட சட்டையாகப் பார்த்து அணிவித்தேன். தலை சீவி, இரட்டைப் பின்னல் போட்டேன். நிலையத்தின் வாசலில் தாய்மார் சிலர் நின்றார்கள். பெரிய மிஸ் என்னை வரவேற்றார். நேற்று நான் பதற்றத்தில் நடந்துகொண்டேன், குழந்தைக்கு ஒன்றுமில்லை என்று சொன்னேன். சொன்ன இரண்டு வாக்கியமும் இலக்கணப்படி பிழையில்லாதவை. ஒரு தாய் என் தோளைத் தட்டி, சித்திமார் அப்படித்தான் என்று ஆறுதல் சொன்னாள்.

குழந்தை என் கையை விட்டுவிட்டு உள்ளே போனாள். அழவில்லை. பெரிய மிஸ் குனிந்து அவள் புறங்கையில், வீங்கிய இடத்தைத் தவிர்த்து, ஒரு பொட்டை ஒட்டினார்.

வீதிக்கு வந்து, பஸ் தரிப்பிடத்தில் நின்று, மச்சானுக்கு அழைத்தேன். அவர் தம்புள்ளையில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார். பின்னால் கூலிகளின் கூச்சல் கேட்டது. இனி நிலையத்தைத் தாண்டும்போது ஹோர்ன் அடிக்க வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார்.

"பிள்ள தூங்கிட்டு இருப்பா, மச்சான்," என்றேன்.